ஐந்து தீவுகளும் ஒரு படிவமும்

மானிப்பாய்,
16.03.1995, வியாழக்கிழமை.

என் அன்புத் தம்பி கிறகோரிக்கு அண்ணன் செபநாயகம் எழுதுவது.

சூசையப்பரின் காவலில் நானும் உன் அண்ணி லூர்த்தம்மாவும் உன் அக்கா சிசிலியாவும் இன்று காலைவரை உயிருடன் இருக்கிறோம். சுகமாக இருக்கிறோமா என்பதை இக்கடிதத்தைப் படித்து முடித்தபின் நீயே தீர்மானித்துக்கொள். உனக்கும் அற்புதராணிக்கும் பிள்ளைகள் இருவருக்கும் குளிர் குறைந்து தேக ஆரோக்கியம் பெருக வேண்டும் என்று தினமும் செபமாலை சொல்கிறோம்.

ஜனவரி இருபதாம் திகதி நீ எழுதிய கடிதம் பெப்ரவரி பதினாறாம் திகதி வந்து சேர்ந்தது. இருபத்தேழு நாள். சண்டை நின்றிருப்பதால்தான் இவ்வளவு விரைவு. சண்டை நின்ற செய்தியை நீ தொலைக்காட்சியில் பார்த்தாய் என்றும், ஆகையால் உயிர்த்த ஞாயிறு விடுமுறையில், உங்கள் ஊரில் பனி கரைந்து இளவேனில் தொடங்கும் நாட்களில், குடும்பத்தோடு இங்கே வந்து தீவு தீவாகச் சுற்றப் போவதாகவும் எழுதியிருந்தாய். ஐந்து நாள், ஐந்து தீவு. முதல் நாள் மண்டைதீவில் காலைச் சாப்பாடு. இரண்டாம் நாள் ஊர்காவற்றுறை, கடற்கோட்டையைப் படம் பிடித்தல். மூன்றாம் நாள் நயினாதீவு. நான்காம் நாள் பிள்ளைகள் குதிரை பார்ப்பதற்காக நெடுந்தீவு. ஐந்தாம் நாளுக்கு நேரே, “அண்ணை, ஆளில்லாத தீவு ஒண்டாய்ப் பாத்துப் போடுங்கோ” என்று குறிப்பு. ஆளில்லாத தீவு தேடுவதில் எனக்குச் சிரமம் இல்லை. ஆட்கள் இருந்த தீவுகள் பலவற்றிலும் இப்போது அந்த வசதி செய்து தரப்பட்டிருக்கிறது.

நீ கேட்டிருந்த மற்றவற்றுக்கும் வரிசையாகப் பதில் எழுதிவிடுகிறேன். அடிப்பாகம் கண்ணாடியாலான படகு கிடைக்குமா என்று கேட்டிருந்தாய். குருநகர்க் கரையில் கிடக்கும் படகுகளில் பாதிக்கு அடிப்பாகமே இல்லை. கண்ணாடியின் தடங்கல் இல்லாமல் கடலை நேரடியாகப் பார்க்கலாம். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு அங்கி இரண்டு கேட்டிருந்தாய். இங்கே உயிர் காக்க நாங்கள் பயன்படுத்துவது பதுங்குகுழி. அதைப் படகில் ஏற்ற முடியாது. வெயிலுக்குப் பூசும் களிம்பு பற்றி விசாரித்தேன். கடைக்காரர், தடை தளர்ந்து குளிக்கும் சவர்க்காரம் வந்திருக்கிறது, அது வேண்டுமா என்று அன்போடு கேட்டார்.

தம்பி, நீ பிரயாணத்துக்காகக் கேட்டாய். நான் திட்டம் போட ஒத்துக்கொண்டது வேறு காரணத்துக்காக. உன் பட்டியலில் இரண்டாம் நாள் என்று எழுதியிருக்கும் ஊர்காவற்றுறையில்தான் என் மகள் யசிந்தா இருக்கிறாள். தொண்ணூறாம் ஆண்டு தை மாதம் சிமியோனுக்குக் கட்டிக் கொடுத்து, ஐப்பசியில் கடைசியாகப் பார்த்தேன். அதன்பின் தீவுகளை அரச படை பிடித்தது, இந்தக் கரை இயக்கப் பெடியளிடம் இருந்தது, நடுவில் இருந்த பண்ணைப் பாலத்தில் நண்டு மட்டும் நடமாடியது. அவளுக்கு யோசப்பின் என்று ஒரு பெண்பிள்ளை பிறந்து மூன்று வயதாகிறது. பெயர் எனக்குக் கடிதத்தில் தெரியும். முகம் தெரியாது. வெளிநாட்டுக்காரர் குடும்பத்தோடு வந்து தீவு பார்க்கக் கேட்டால் யாராவது வழிவிடமாட்டார்களா என்று ஒரு நப்பாசை. உன்னை ஒரு சாட்டாகப் பிடித்துக்கொண்டு மகளைப் பார்க்கப் பார்த்தேன். அதை உன்னிடம் மறைப்பது முறையல்ல.

ஆகவே ஒரு நாட்காட்டித் தாளின் பின்புறத்தில் பாதையைக் கீறத் தொடங்கினேன். குருநகர் இறங்குதுறையில் நின்றால் மண்டைதீவின் தென்னைகளை எண்ணலாம். நீந்தத் தெரிந்தவன் நீந்திப் போகலாம். போனால் இரண்டு பக்கத்திலிருந்தும் சுடுவார்கள். முறைப்படி போகும் வழி பின்வருமாறு: சைக்கிளில் கிளாலி, அங்கே வள்ளம் ஏறிக் கடலேரியைக் கடந்து வன்னி, வவுனியாவில் ஒரு பகல் வரிசை, ரயிலில் கொழும்பு, கொழும்பில் பொலிஸ் பதிவு, பிறகு திருகோணமலை, அங்கே கப்பலுக்குப் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருத்தல், கப்பல் வந்தால் வடக்குக் கரை முழுவதையும் சுற்றி, மயிலிட்டியையும் கீரிமலையையும் தூரத்தில் பார்த்துக் கும்பிட்டு, காரைநகரில் இறங்கி, அங்கிருந்து அனுமதி பெற்றுப் பிற தீவுகள். ஐந்நூறு மைலுக்குக் குறையாது. மண்டைதீவில் காலைச் சாப்பாடு சாப்பிட விரும்புகிறவர்கள் முந்தைய மாதமே பட்டினியோடு புறப்படுவது நல்லது.

நான் கீறிக்கொண்டிருந்ததை எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஆழ்வாப்பிள்ளை மதிலுக்கு மேலால் பார்த்தார். நல்ல மனிதர். கடலே தெரியாத மானிப்பாயில், மீன் மணமே ஆகாத தன் வளவில், இடம்பெயர்ந்து வந்த குருநகர்க் குடும்பம் ஒன்றுக்குப் பின்பக்க அறையைத் தந்தவர்.

“என்ன காணும் செபநாயகத்தார், படம் கீறுறீர்? புதுசா நாடு ஒண்டோ?”

“தம்பி கனடாவிலையிருந்து வாறானாம். தீவு பாக்க வேணுமாம்.”

“தீவு பாக்கவோ? உங்கை பண்ணையிலை கொண்டுபோய் நிப்பாட்டிவிடும். வடிவாத் தெரியும்.”

“இறங்கிப் பாக்க வேணுமாம்.”

அவர் மதிலில் சாய்ந்துகொண்டார். “அப்ப ஒரு விசயம். நயினாதீவு அம்மாளுக்கு எனக்கொரு நேர்த்தி கிடக்கு, எண்பத்தொன்பதிலையிருந்து. உங்களோடை என்னையும் போடும். ஆனால் ஒண்டு, வள்ளத்திலை மீன்சட்டி என்ரை பக்கம் வரப்படாது. இப்பவே சொல்லிப்போட்டன்.”

இப்படியாக, ஒரு அனுமதியும் கிடைப்பதற்கு முன்பே, உன் பிரயாணத்தில் சாப்பாட்டுப் பிரச்சினை ஒன்று உண்டாகித் தீர்ந்தும் போயிற்று. நயினாதீவு என்ற பெயரைக் கேட்டதும் பெடியள் அனுமதி எழுதும் இடத்தில் சிரித்தார்கள். நெடுந்தீவு என்றதும் சிரிப்பதை நிறுத்திவிட்டு, நான் யார், ஏன் கேட்கிறேன், தம்பியின் முழுப் பெயர் என்ன என்று எழுதத் தொடங்கினார்கள். நான் மெல்ல எழுந்து வந்துவிட்டேன். உன் பெயரைப் பாதிதான் சொன்னேன்.

அந்த நேரத்தில்தான் எங்கள் பங்குச் சுவாமியார் ஒரு செய்தி கொண்டுவந்தார். உனக்குச் சூசையப்பர் தீவு ஞாபகம் இருக்கும். கடலேரி வாயிலில் இருக்கும் மணல்திட்டு. ஒரு சிற்றாலயம், உவர்க்கிணறு ஒன்று, நாலு பூவரசு. மார்ச் பத்தொன்பதாம் திகதி இந்தக் கரை வள்ளங்களும் தீவுப்பக்க வள்ளங்களும் அங்கே கூடிப் பூசை கண்டு, கஞ்சி காய்ச்சி, பிள்ளைகளுக்குச் சம்பந்தம் பேசித் திரும்புவது வழக்கம். யசிந்தாவைச் சிமியோன் வீட்டார் பார்த்ததும் அங்கேதான். ஐந்து வருடமாக அங்கே யாரும் போகவில்லை. சண்டை நின்ற இந்த இடைவேளையில் சுவாமியார் இரண்டு பக்கத்துக்கும் விடாமல் எழுதி, திருநாளுக்கு மட்டும் அனுமதி வாங்கிவிட்டார். இந்தக் கரையிலிருந்து முப்பது குடும்பம், அந்தக் கரையிலிருந்து முப்பது குடும்பம். காலை ஆறு மணி முதல் மாலை மூன்று மணிவரை. யசிந்தா வீட்டின் பெயர் அந்தப் பக்கப் பட்டியலில் இருக்கிறது என்று சுவாமியார் சொன்னபோது லூர்த்தம்மா உட்கார்ந்த இடத்திலேயே சிலுவை அடையாளம் போட்டாள். எனக்கு ஐந்து தீவு வேண்டாம் தம்பி, அந்த ஒரு மணல்திட்டுப் போதும் என்று ஆகிவிட்டது.

இரண்டு பக்கத்திலும் நிபந்தனை ஒன்றுதான். போகும் குடும்பம் ஒவ்வொன்றும் வளர்ந்த ஒருவரைக் கரையில் பிணையாக விட்டுச் செல்ல வேண்டும். போனவர்கள் அப்படியே எதிர்க் கரைக்குப் போய்விடாமல் திரும்பி வருவதற்கு. எங்கள் வீட்டில் இதற்கு விவாதமே நடக்கவில்லை.

“நான் நிக்கிறன் அண்ணை,” என்றாள் சிசிலியா. “எனக்கு வள்ளத்தைக் கண்டாலே தலை சுத்தும். நீங்களும் மச்சாளும் போய்ப் பிள்ளையைப் பாத்திட்டு வாங்கோ.”

அவள் குருநகரில் பிறந்தவள். நம் ஐயாவோடு ஏழு வயதிலேயே கடலில் களங்கட்டி மீன்பிடிக்குப் போய் வந்தவள். அவளுக்குத் தலை சுற்றாது என்பது எனக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பது அவளுக்கும் தெரியும்.

இனி நடந்ததை நிதானமாக எழுதுகிறேன். திங்கட்கிழமை படிவம் நிரப்பப் போனேன். நான் கடற்றொழிலாளர் சங்கத்தில் முப்பத்தொரு வருடம் இலிகிதராக இருந்தவன் என்பதை நீ அறிவாய். படிவம் என்றால் எனக்கு ஒரு மரியாதை. சொந்தப் பேனையும் சொந்த மையும் கொண்டுபோனேன். அங்கே கொடுத்த பேனையை மறுத்ததில் எனக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது. எந்தப் படிவத்திலும் முதல் வரியில் வருவது குடும்பத் தலைவரின் பெயர். இது சூரியன் கிழக்கே உதிப்பதைப் போன்றது. யாரும் தினமும் எழுந்து சரிபார்ப்பதில்லை. நானும் சரிபார்க்கவில்லை. முதல் வரியில் நீக்கிலாப்பிள்ளை செபநாயகம், வயது அறுபத்தொன்று, என்று முத்து முத்தாக எழுதி, மூன்று இடத்தில் ஒப்பமும் வைத்தேன். கீழே லூர்த்தம்மா பெயர், சிசிலியா பெயர். மேசையில் இருந்தவர் முன்பு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்த மாஸ்ரர். கண்ணாடியின் ஒரு காது உடைந்து நூலால் கட்டியிருந்தார்.

“நல்ல கையெழுத்து ஐயா,” என்றார்.

“முப்பத்தொரு வருசம் எழுதினனான், மாஸ்ரர்.”

“அப்ப நீங்கள் நிக்கிறியள். அம்மாவும் தங்கச்சியும் போகினம். சரி.”

“இல்லை மாஸ்ரர், தங்கச்சிதான் நிக்கிறா. போறது நான்.”

அவர் படிவத்தை என் பக்கம் திருப்பி, முதல் வரியின் தலைப்பில் விரலை வைத்தார். ‘பிணை நிற்பவர்’ என்று தெளிவாக அச்சடித்திருந்தது. அச்சில் ஒரு குறையும் இல்லை.

“வெட்டி எழுதி, பக்கத்திலை ஒப்பம் வைச்சுத் தாறன்.”

“வெட்டினால் செல்லாது ஐயா. கீழை போட்டிருக்கு. உங்களுக்குத் தெரியாததே?”

எனக்குத் தெரியும். எனக்குப் பின்னால் நின்ற கிழவருக்கும் தெரிந்திருந்தது. குருநகர் ஆள்தான், முகம் பிடிபட்டது, பெயர் வரவில்லை.

“செபநாயகத்தார், எழுபத்தாறிலை என்ரை வலைப் படிவத்தை ஒரு வெட்டுக்காகத் திருப்பி அனுப்பினியள். ஞாபகம் இருக்கோ?”

“இருக்கு,” என்றேன்.

“எனக்கும் இருக்கு,” என்றார் அவர். அதில் பகை இல்லை. ஒரு தகவலைச் சரிபார்த்துக்கொள்கிறவரைப் போலத்தான் சொன்னார்.

“வேறை படிவம் ஒண்டு தாருங்கோ, மாஸ்ரர்.”

“முப்பது குடும்பம், முப்பது படிவம். எண்ணித்தான் தந்தவை.”

“அடுத்த கட்டு எப்ப வரும்?”

“அடுத்த திங்கட்கிழமை.”

திருநாள் ஞாயிற்றுக்கிழமை. கணக்கு மாஸ்ரருக்கு அதை நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சட்டம் தெரிந்தவர்; அவர் இடத்தில் நான் இருந்திருந்தால் நானும் மறுத்திருப்பேன், அவரைப் போலக் கண்ணாடியைக்கூடக் கழற்றியிருக்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சிசிலியாதான் அழுதாள். தலை சுற்றும் என்று தான் பொய் சொன்னதற்கு ஆண்டவர் கொடுத்த தண்டனை இது என்றாள். தண்டனை எனக்கல்லவா கிடைத்திருக்கிறது, ஆண்டவர் விலாசம் மாறிப் போடுகிறவரா என்று கேட்டேன். தவக்காலத்தில் இப்படிக் கதைக்கக்கூடாது என்று அதற்கும் அழுதாள். லூர்த்தம்மா அழவில்லை. பயற்றம் பணியாரத்துக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவள், சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்தாள்.

“ஊரிலை உள்ள சனத்துக்கெல்லாம் முப்பத்தொரு வருசம் வாசிச்சு வாசிச்சுச் சொன்ன மனிசன், ஒருக்கா உங்களுக்கெண்டு வாசிச்சிருக்கலாமே?”

“வாசிச்சிருக்கலாம்.”

“நீங்கள் வராட்டி நானும் போகேல்லை.”

“விசர்க்கதை கதையாதை. போ. போய்ப் பாத்திட்டு வா.”

“அவளுக்கு நான் என்னத்தைச் சொல்ல?”

“ஒண்டும் சொல்லாதை. வடிவாப் பாத்துக்கொண்டு வா. வந்து எனக்குச் சொல்லு,” என்றேன். அவள் திரும்பிப் போய் மாவை வறுத்தாள். அது கருகிப்போயிருந்தது. இரண்டாம் முறை வறுக்க மா இல்லை. ஆழ்வாப்பிள்ளை வீட்டில் கேட்டு வாங்கினோம். மீன்சட்டி பற்றி அவர் அன்று ஒன்றும் சொல்லவில்லை.

ஆகையால் தம்பி, வரும் ஞாயிறு அவர்கள் போவார்கள், நான் கரையில் நிற்பேன். எனக்கு வருத்தம் இல்லை. தாய் பார்த்தால் போதும். தகப்பன் பார்ப்பது ஒரு மேலதிகம். உனக்கு நான் சொல்வது இதுதான்: வராதே. ரிக்கற்றை இரத்துச் செய். சண்டை நின்றிருக்கிறது என்பது உண்மைதான். நிற்பது ஒன்றும் படுத்துவிடவில்லை, அது எப்போது நடக்கத் தொடங்கும் என்று இங்கே யாரும் பந்தயம் பிடிப்பதில்லை. உங்கள் நாட்டில் ஏரிகள் ஏராளம், ஏரிகளுக்குள் தீவுகளும் இருக்கும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போ. படிவம் நிரப்பாமல் போகக்கூடிய தீவுகளாகத் தெரிந்தெடு. இந்தத் தீவுகளை அவர்கள் உன் வாயால் கேட்டால் போதும். நேரில் பார்த்தால் உன் பேச்சில் அவர்களுக்கு நம்பிக்கை போய்விடும்.

உன் வீட்டு வாசலைத் தாண்டிப் போகும் யாவரும் கேள்வி கேட்கப்படாமல் போகவும், கேட்கப்படாமல் திரும்பி வரவும் தேவமாதா துணை நிற்பாராக. பிள்ளைகளின் நெற்றியில் பெரியப்பா சார்பில் சிலுவை போட்டுவிடு. அற்புதராணிக்கு லூர்த்தம்மாவின் அன்பையும், உனக்குச் சிசிலியாவின் முத்தங்களையும் சொல்லச் சொன்னார்கள்.

இப்படிக்கு,
தீவுகள் வடிவாகத் தெரியும் கரையில் நிற்கப்போகும்,
உன் அண்ணன்
நீ. செபநாயகம்.

பி.கு.: 21.03.1995, செவ்வாய்க்கிழமை. மேலே உள்ளவற்றை எடுத்துச் செல்ல ஆள் கிடைக்காமல் கடிதம் மேசையிலேயே கிடந்தது. நல்லதாகப் போயிற்று. அவ்வளவையும் இல்லை என்று வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை விடியப் படகுகள் போயின. பிணைகள் முப்பது பேரையும் சனசமூக நிலையத்து வாங்குகளில் இருத்தினார்கள். மாலை நாலரைக்குப் படகுகள் திரும்பின. லூர்த்தம்மா இறங்கி வந்து என் முன்னால் நின்றாள்.

“பிள்ளையைப் பாத்தியே?”

“சின்னப் பிள்ளையைப் பாத்தன். சிமியோன் தூக்கிக்கொண்டு வந்தவர். மூக்கு உங்கடை மூக்குத்தான். யசிந்தா வரேல்லை.”

“ஏன்? சுகமில்லையோ?”

“நல்ல சுகமாம். அங்கை படிவம் வடிவா எழுதத் தெரிஞ்சது அவள் ஒருத்திதானே. முப்பது வீட்டுக்காரற்றை படிவமும் அவள்தான் நிரப்பிக் குடுத்தவளாம். படை முகாமிலை பெரியவன் எல்லாத்தையும் புரட்டிப் பாத்துப்போட்டு, எல்லாம் ஒரே கையெழுத்து, உது ஆற்றை எண்டு கேட்டானாம். இவள் என்ரைதான் எண்டு முன்னாலை போய் நிண்டிருக்கிறாள்.”

“பேந்து?”

“பேந்தென்ன. முப்பது பேரை மறிச்சு வைச்சுச் சோறு குடுக்க ஏலாது, எழுதினவள் ஒருத்தி நிண்டால் காணும் எண்டு அவளை நிப்பாட்டிப்போட்டு மற்றவையெல்லாரையும் விட்டிட்டான். அப்பா வருவார், நான் நிக்கிறனெண்டு அவருக்குச் சொல்லுங்கோ எண்டு சிமியோனிட்டைச் சொல்லி விட்டவளாம்.”

எழுதப் பழக்கியது நான். நாலு வயதில், மணலில், விரல் பிடித்து. இரண்டு பக்கத்தாரும் இத்தனை வருடமாக எதிலும் ஒத்துப்போனதில்லை. இப்போது ஒரு விடயத்தில் ஒத்துப்போயிருக்கிறார்கள்: எங்கள் குடும்பத்தை நம்பலாம்.

சுவாமியார் சொல்கிறார், ஆலயத்துக் கூரை விழும் நிலையில் இருக்கிறதாம். அதைத் திருத்த, உயிர்த்த ஞாயிறு முடிந்த புதன்கிழமை இன்னொரு தடவை போய்வர இரண்டு பக்கமும் சம்மதித்திருக்கிறது. அதே முப்பது, அதே முப்பது. இந்தக் கரையில் சிசிலியா நிற்பாள். படிவத்தை அவளே நிரப்புகிறாள், நான் கிட்டவும் போகவில்லை. அந்தக் கரையில் முகாம்காரர் யசிந்தாவை விடமாட்டார்கள். சிமியோன் தான் நிற்பதாகக் கேட்டுப் பார்த்தாராம். தொழிலாளி கடலால் போய்விடுவான் என்றார்களாம். ஆனால் அவளுக்கு உறவான ஒருவர், வெளிநாட்டுக் கடவுச்சீட்டு உள்ளவர், அதை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு ஒரு பகல் இருப்பார் என்றால் அவளை விடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். நீ கடவுச்சீட்டு எடுத்துவிட்டதாக வருடப் பிறப்புக்கு எழுதியிருந்தாய். நீ அவளுக்குச் சித்தப்பா.

ஆகவே வா. ரிக்கற்றை இரத்துச் செய்திருந்தால் மறுபடி எடு. கொழும்பு, திருகோணமலை, கப்பல், காரைநகர். வழி மேலே விரிவாக எழுதியிருக்கிறேன், அதிலுள்ள பகிடியை மட்டும் விட்டுவிட்டு வாசி. ஐந்து தீவு இல்லை, ஊர்காவற்றுறை என்ற ஒரு தீவுதான். அதிலும் முகாம் வாசலில் ஒரு வாங்கு. அற்புதராணியையும் பிள்ளைகளையும் கொழும்பில் விட்டுவிட்டு வருவது உத்தமம். கொழும்புக்குப் போகும் குருவானவர் ஒருவர் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன். இருபத்தேழு நாளுக்கு முன் உன் கைக்கு வந்தால் நேரம் இருக்கிறது.

மாலை மூன்று மணிக்கு அவளை வள்ளத்தில் ஏற்றித் திருப்பி அனுப்பிவிடுவேன். நீ பயப்பட வேண்டாம். அவள் திரும்பி வருவாள் என்பதற்கு நான் பிணை.